எருமை வெளியே போனதும் பறவை குறைந்தது ஏன்? சலீம் அலி வாழ்க்கை சொல்லும் பாடம்

விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் கம்மாபுரம் மாதிரியான ஊர்களில் எருமை மேயும் இடத்தில் வெள்ளைக் கொக்குகளும் கூடவே நடந்து வரும். அதுதான் உண்ணிக்கொக்கு. எருமை காலெடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளியும் பூச்சியும் கிளம்பும், கொக்கு அதைக் கொத்தித் தின்னும். இரட்டைவால் குருவி எருமை முதுகிலேயே சவாரி செய்துகொண்டு அதே வேலையைப் பார்க்கும்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது தினசரி காட்சி. ஆனால் எருமைக்கும் பறவைக்கும் உள்ள உறவு எவ்வளவு ஆழமானது என்பதை நாடு புரிந்துகொள்ள ஒரு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையின் நடுவில் இருப்பவர், இந்தியாவின் பறவை மனிதர் என்று அழைக்கப்படும் சலீம் அலி.

யார் இந்த சலீம் அலி?

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்ததால் மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று கேட்க, மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் போனார். அவர் குருவியை அடையாளம் சொன்னதோடு, சங்கத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். பையனுக்குப் பாதை அங்கேயே தெரிந்துவிட்டது.

பிறகு பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்தார், தாயகம் திரும்பிப் படித்தார். முறையான பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. 1926இல் மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை கிடைத்தது. அங்கே விடுப்பு எடுத்து ஜெர்மனி போய், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசமான் என்ற பறவையியல் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பி வந்தால், அந்த வழிகாட்டிப் பதவியையே எடுத்திருந்தார்கள்!

வேலை போனதால் மனைவி தெஹ்மினாவோடு மும்பைக்குப் பக்கத்தில் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அவருடைய பெயரை நிலைநாட்டிய ஆய்வு அங்கேதான் பிறந்தது. தூக்கணாங்குருவிகளைப் பொறுமையாகக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்து, பிடித்தால்தான் குடித்தனம். பெண் முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைக் கட்டி, அடுத்த துணையைத் தேடும். இதை முதலில் தெளிவாக எழுதியவர் இவரே.

மாமரம், புல்லுருவி, ரெண்டு குருவிகள்

மாமரத்தில் புல்லுருவி பார்த்திருப்பீங்க. கிளைக்குள் வேரை இறக்கி, மரத்தின் நீரையும் சத்தையும் உறிஞ்சும் ஒட்டுண்ணிச் செடி. மண்ணில் முளைக்காத இந்தச் செடி அடுத்த மரத்துக்கு எப்படிப் போகுது? கொங்கண் பகுதியில் பார்த்ததை வைத்து 1931இல் சலீம் அலி இதை விளக்கினார்.

புல்லுருவிப் பூ குழல் மாதிரி நீளமா இருக்கும். தேன்சிட்டு அலகை நுழைத்துத் தேன் குடிக்கும்போது மகரந்தம் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். பழம் பழுத்ததும் பூங்கொத்தி என்ற குட்டிப் பறவை விழுங்கும். விதையைச் சுற்றிப் பசை இருப்பதால் எச்சத்தோடு வரும்போது சுலபத்தில் விழாது. பறவை கிளையில் தேய்த்துத்தான் விடும். ஒட்டிய இடத்திலேயே விதை முளைக்கும்.

இதில் குருவிகளுக்கு லாபம், புல்லுருவிக்கும் லாபம், மாமரத்துக்கு நஷ்டம். எருமையும் உண்ணிக்கொக்கும் வேறு ரகம்: கொக்குக்கு லாபம், எருமைக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. பறவைக்கும் பூவுக்கும் உள்ள உறவைப் பற்றி 1932இலும் அவர் விரிவாக எழுதினார்.

அடுத்து ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது பிரபலமான கையேடு வந்தது. அமெரிக்காவின் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து 10 தொகுதிகளில் பறவைக் களஞ்சியம் எழுதினார். 1976இல் பத்ம விபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி.

பரத்பூரில் என்ன நடந்தது?

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்புநிலம் ஒரு காலத்தில் மகாராஜாவின் வாத்து வேட்டைக்களம். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்த இடம் வயல்களாக மாறாமல், பறவைகளுக்கே நிலைக்கப் பாடுபட்டவர்களில் சலீம் அலி முக்கியமானவர்.

சுற்றியுள்ள கிராமங்களின் எருமைகள் அங்கே காலங்காலமாக மேய்ந்தன. அவை பறவைகளுக்குத் தொந்தரவு, வெளியேற்ற வேண்டும் என்பது பாதுகாப்பு நிபுணர்களின் கருத்து. சலீம் அலியும் அதை ஆதரித்தார். 1982இல் அது தேசியப் பூங்கா ஆனது, மேய்ச்சலுக்குத் தடை வந்தது. கிராம மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தார்கள்.

எருமை போனது. பறவை பெருகியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ்.

எருமைகள் தின்றுவந்த பாஸ்பேலம் என்ற நீர்ப்புல் கட்டுப்பாடில்லாமல் பரவியது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. நீந்த இடம் தேடும் வாத்துகளுக்கும், ஆழமில்லாத நீரில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கும் இடம் குறைந்தது. மீன்களும் பாதிக்கப்பட்டன. எருமை சம்பளம் வாங்காமல் களையெடுத்துக்கொண்டிருந்தது, அதன் சாணம் நீரில் உரமாகிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

இதைக் கண்டுபிடித்தது எதிர் முகாம் இல்லை. சலீம் அலி வாழ்நாள் முழுக்க வளர்த்த அதே மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கம்தான். வி.எஸ். விஜயன் தலைமையில் 1980 முதல் 1990 வரை நடந்த ஆய்வு அது. இறுதி அறிக்கை வந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை. 1987இல் 90 வயதில் காலமாகியிருந்தார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் 1990இல் தொடங்கிய பறவையியல் மையத்தின் முதல் இயக்குநரானவரும் அதே விஜயன்தான்.

நமக்கு என்ன?

புல்லுருவிக்கும் பூங்கொத்திக்கும் உள்ள நுட்பமான உறவைப் படித்தறிந்தவருக்கே எருமையின் பங்கு தப்பிப்போனது. சலீம் அலி சேர்த்த அறிவு இதனால் சின்னதாகிவிடாது. ஆனால் பறவையைக் காப்பாற்றப் பறவையை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

மேய்ப்பவரும் விவசாயியும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த கிராம மக்கள், பறவையைச் சுடவிடாமல் தடுத்தார்கள். 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்துப்பூர்வமாக உத்தரவும் வாங்கினார்கள்.

அடுத்த முறை ஏதோ ஒரு ஏரியைச் சுற்றி வேலி போடப்போறாங்கன்னு செய்தி வந்தால், ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்க: வேலிக்கு வெளியே போகப்போறது யாரு, அவங்க உள்ளே இதுவரை என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?