ஹொண்டாவுக்காகக் காத்திருந்தவர்கள்

வன்னியில் எங்கள் வீட்டில் ஒரு எம்.டி 90 நின்றது. ஜப்பானில் தபால்காரர்கள் ஓடிக் கழித்து, பிறகு எங்கள் நாட்டுக்கு வந்து சேர்ந்த சிவப்பு நிற ஹொண்டா. பொருளாதாரத் தடைக் காலத்தில் அது பெற்றோலைக் கண்டது மிகக் குறைவு. மாமா ஒரு சிறிய போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார். எஞ்சின் பிடித்துக்கொண்டால் அதன் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்தப் புகைக்குள் பின்னால் ஏறிப் பள்ளிக்கூடம் போன நாட்களில் என் வெள்ளைச் சட்டை எந்நேரமும் மண்ணெண்ணெய் மணக்கும்.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், சுயதொழில் பயிற்சிப் பட்டறை ஒன்றைச் செய்தியாக்கப் போயிருந்தேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் கணவரை இழந்த பெண்கள். வளவாளர் அன்று சொய்ச்சிரோ ஹொண்டாவின் கதையைச் சொன்னார். குண்டுவீச்சில் தொழிற்சாலையை இழந்தவர், மனந்தளராமல் உழைத்தார், உலகப் புகழ் பெற்ற கம்பனியை உருவாக்கினார், நீங்களும் முயன்றால் முடியும் என்பது கதையின் சாரம். பெண்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்துத் தடவைக்கு மேல் இடம்பெயர்ந்து, பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு முயற்சியைப் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற கேள்வியோடுதான் வீடு திரும்பினேன். அந்த மனிதரைப் பற்றி வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஹொண்டா 1906 நவம்பர் 17 இல் ஹமாமட்சு நகருக்கு அருகேயுள்ள கிராமம் ஒன்றில் பிறந்தார். தகப்பன் கொல்லர். பின்னர் சைக்கிள் திருத்தும் கடையும் வைத்திருந்தார். தாய் நெசவு செய்பவர். 1922 இல், பதினைந்து வயதில், டோக்கியோவில் கார் திருத்தும் கராஜ் ஒன்றுக்கு வேலை பழகப் போனார். முதலில் அவருக்குக் கிடைத்த வேலை முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. பிறகுதான் கையில் ஸ்பனர் வந்தது. 1928 இல் அதே கராஜின் கிளையை ஹமாமட்சுவில் திறந்தார். வேகத்தில் பைத்தியம். 1936 இல் கார்ப் பந்தயமொன்றில் விபத்துக்குள்ளானார்.

1937 இல் பிஸ்டன் ரிங் செய்யும் தொழிலில் இறங்கினார். உருக்கத் தெரிந்தவருக்கு உலோகத்தின் தன்மை தெரியவில்லை, ரிங்குகள் உடைந்தன. முப்பது வயதில் தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். தனக்கு வேண்டிய பாடத்தை மட்டும் படித்தார், பரீட்சை எழுதவில்லை, கல்லூரி அவரை நிறுத்திவிட்டது. டொயோட்டாவுக்குத் தரப் பரிசோதனைக்காகக் கொடுத்த 50 ரிங்குகளில் தேறியவை மூன்று. அங்கிருந்து பல்லாயிரக்கணக்கில் செய்யும் நிலைக்கு வர அவருக்குச் சில ஆண்டுகள் எடுத்தன.

பட்டறைக் கதையில் ஒருபோதும் வராத ஒரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஹொண்டாவின் தொழிற்சாலை வளர்ந்தது போரால். அவருடைய ரிங்குகள் கடற்படைக்கும் விமானத் தயாரிப்புக்கும் போயின. விமானச் சுழல்விசிறிகளைத் தானாகச் செதுக்கும் இயந்திரமொன்றையும் அவர் வடிவமைத்தார். அந்த நேரத்தில் ஜப்பானியப் படைகள் கொரியாவிலும் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் என்ன செய்துகொண்டிருந்தன என்பது உலகம் அறிந்தது. அவர் போரில் இழந்தவர்தான். அதே போருக்குப் பொருள் செய்து கொடுத்தவரும் அவர்தான்.

ஹமாமட்சுவில் இருந்த தொழிற்சாலையை அமெரிக்கக் குண்டுகள் அழித்தன. இவாட்டாவில் இருந்தது 1945 ஜனவரியில் நிலநடுக்கத்தில் விழுந்தது. போர் முடிந்ததும் மிஞ்சியதை 450,000 யென்னுக்கு டொயோட்டாவுக்கு விற்றார். ஒரு வருடம் எந்த வேலையும் செய்யவில்லை. வீட்டிலேயே மது காய்ச்சினார், நண்பர்களோடு குடித்தார், புல்லாங்குழல் வாசித்தார். விற்க ஒரு கம்பனியும் அதை வாங்க ஒரு டொயோட்டாவும் இருந்ததால் கிடைத்த ஓய்வு அது. எங்கள் ஊரில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அப்படியொரு வருடம் கிடைக்கவில்லை.

1946 இல் ஹமாமட்சுவில் ஒரு சிறு கொட்டிலில் மறுபடி தொடங்கினார். ரயில்களில் கால்வைக்க இடமில்லை. மக்கள் அரிசி தேடிக் கிராமங்களுக்குச் சைக்கிள் மிதித்தார்கள். பழைய இராணுவத்தின் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறிய எஞ்சின்கள் சும்மா கிடந்தன. ஹொண்டா அவற்றில் சுமார் 500 ஐ வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். முதலாவதற்கு எண்ணெய்த் தாங்கியாகப் பொருத்தியது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் சுடுநீர்ப் போத்தல். மனைவி சாச்சி அதை ஓட்டிப் பார்த்தார். பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. ஆகவே பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். புகையும் நாற்றமும் தாங்க முடியாததாம்.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இது மாமா செய்த வேலை. வன்னியில் நூறு மாமாக்கள் செய்த வேலை. ஹமாமட்சுவில் அது கம்பனியாகி, வன்னியில் வெறும் நினைவாக முடிந்ததற்குக் கைத்திறன் காரணமாக இருக்க முடியாது.

1948 செப்டெம்பரில் பத்து இலட்சம் யென் மூலதனத்தோடு ஹொண்டா மோட்டார் கம்பனி பதிவானது. நன்றாக விற்றது, காசு திரும்பி வரவில்லை. முகவர்கள் இழுத்தடித்தார்கள். 1949 இல் டக்கேயோ புஜிசாவா வந்து சேர்ந்தார். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்; கணக்கும் விற்பனையும் மனிதர்களும் தெரிந்தவர். தயாரிப்பு ஹொண்டாவுக்கு, காசு புஜிசாவாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கம்பனித் தலைவரின் முத்திரையைக்கூட ஹொண்டா அவரிடமே கொடுத்துவிட்டார். முகாமைத்துவ நூல்கள் ஹொண்டாவின் பெயரைப் பெரிதாகப் போடுகின்றன. எனக்கு இந்தக் கதையில் அதிகம் பிடித்தவர் புஜிசாவா.

1952 இல் சைக்கிளில் பூட்டும் கப் என்ற சிறு எஞ்சினை விற்க அவர் மோட்டார் சைக்கிள் முகவர்களிடம் போகவில்லை. நாட்டிலிருந்த 50,000 க்கும் மேற்பட்ட சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் எழுதினார். கடைக்காரர் முதலில் பணம் அனுப்ப வேண்டும், அதன் பிறகு எஞ்சின் வரும். முன்பின் தெரியாத கம்பனிக்கு யார் அனுப்புவார்? பணத்தை வங்கிக்கு அனுப்பச் சொன்னார். மிட்சுபிஷி வங்கியும் தன் பக்கத்தில் கடைகளுக்குக் கடிதம் அனுப்பியது. 30,000 க்கும் மேற்பட்ட கடைகள் பதில் எழுதின. அவற்றில் சுமார் 13,000 விற்பனை நிலையங்களாயின. ஊர்ச் சந்தியில் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் முன்கூட்டியே கட்டிய பணத்தில் அந்தக் கம்பனி எழுந்து நின்றது.

அதோடு ஹொண்டா துணிந்துவிட்டார். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் 450 மில்லியன் யென்னுக்கு இயந்திரங்களை வாங்கினார். கம்பனியின் மூலதனத்தோடு ஒப்பிட்டால் அது பைத்தியக்காரத்தனம். கொரியப் போருக்கான அமெரிக்கக் கொள்வனவுகளால் ஜப்பானியத் தொழில்துறை அப்போது நிமிர்ந்திருந்தது. பக்கத்து நாட்டின் அழிவு இவர்களுக்கு ஓடர்களாக வந்தது. 1953 இல் அந்தப் போர் ஓய்ந்ததும் ஓடர்களும் ஓய்ந்தன. 1954 இல் கப் விற்கவில்லை, புதிய ஸ்கூட்டர் சூடேறி நின்றது, பெரிய மோட்டார் சைக்கிளில் முறைப்பாடுகள். கம்பனி முறியும் நிலை.

புஜிசாவா உதிரிப்பாகம் வழங்குவோரைக் கூட்டி உள்ள நிலையை மறைக்காமல் சொன்னார். இப்போது ஒரு பகுதியை மட்டும் தரமுடியும், மிச்சத்துக்குப் பொறுக்க வேண்டும், பொருளையும் நிறுத்தக்கூடாது என்று கேட்டார். அவர்கள் பொறுத்தார்கள். மிட்சுபிஷி வங்கியும் கைவிடவில்லை. அன்று அவர்கள் காத்திராவிட்டால் இந்தப் பெயரை நாங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஹொண்டா ஐல் ஒப் மான் தீவின் ரீ.ரீ பந்தயத்தைப் பார்க்கப் போனார். ஐரோப்பிய எஞ்சின்களின் வலு தன்னுடையதைப் போல் மும்மடங்கு என்று கண்டு அதிர்ந்தார். 1961 இல் அதே பந்தயத்தின் 125, 250 சி.சி பிரிவுகள் இரண்டிலும் முதல் ஐந்து இடங்களை அவருடைய வண்டிகள் பிடித்தன.

1958 இல் சூப்பர் கப் வந்தது. 50 சி.சி, கிளச் பிடி இல்லை, பாவாடை கட்டியவரும் ஏறலாம், ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடு கடைப் பையனும் ஓட்டலாம். எங்கள் எம்.டி 90 இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். 2017 இல் இந்த வகையின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது.

1959 இல் அமெரிக்காவுக்குப் போனபோது பெரிய வண்டிகளை விற்பதுதான் திட்டம். நீண்ட தூர வேகத்தில் அவை எண்ணெய் ஒழுகி நின்றன. விற்பனையாளர்கள் லொஸ் ஏஞ்சலிசில் தங்கள் சொந்த அலுவல்களுக்கு ஓடித்திரிந்த சிறிய கப்பைத்தான் மக்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியின்றி அதை விற்றார்கள், அதுவே வென்றது. 1975 இல் பிரித்தானிய அரசுக்காக எழுதப்பட்ட ஆலோசனை அறிக்கை, இந்த வெற்றியைப் பேரளவு உற்பத்தியின் தெளிவான உபாயமாக விளக்கியது. 1984 இல் ரிச்சர்ட் பாஸ்கல் என்ற ஆய்வாளர் அங்கு போன ஹொண்டா ஆட்களையே சந்தித்துக் கேட்டு, அது தற்செயலும் தடுமாற்றமும் என்று எழுதினார். முகாமைத்துவ மாணவர்கள் இன்றும் இதை விவாதிக்கிறார்கள்.

ஹொண்டா கோபக்காரர். ஊழியர்களைக் கை நீட்டி அடித்திருக்கிறார், கையில் இருந்த கருவியை எறிந்திருக்கிறார். மேதையின் குணம் என்று அதைப் பூசி மெழுகும் நூல்கள் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிவாதமும் அதே அளவு. கார் எஞ்சினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று நின்றார். இளம் பொறியியலாளர்கள் தண்ணீர்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் புஜிசாவா அவரிடம் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் கம்பனியின் தலைவரா, பொறியியலாளரா? தலைவர் என்றார் ஹொண்டா. தண்ணீர் எஞ்சினுக்கு வழிவிட்டார். அதன் தொடர்ச்சியாக வந்ததே 1972 இன் சிவிக்.

1973 இல் இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். ஹொண்டாவுக்கு 66 வயது. தலைமை 45 வயது ஊழியர் ஒருவருக்குப் போனது, மகனுக்கு அல்ல. கம்பனிக்குள் இருந்த தம்பியை அதற்கு முன்பே விலகச் செய்திருந்தார். பிறகு நாடு முழுவதும் தொழிற்சாலைகளுக்கும் விற்பனை நிலையங்களுக்கும் போய் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். கையில் கிறீஸ் என்று ஒரு தொழிலாளி தயங்கியபோது அந்தக் கையையே விரும்பிப் பிடித்தாராம். 1991 ஓகஸ்ட் 5 இல் இறந்தார். கம்பனியின் பெரிய மரணச் சடங்கு வேண்டாம், வீதியில் நெரிசல் வரும் என்பது அவர் விருப்பம்.

மாமா 2009 இல் எம்.டி 90 ஐ வீதியோரத்தில் விட்டுவிட்டு நடந்தார். ஆயுதப்பெட்டி போலக் காத்த கருவிப்பெட்டியும் அதோடு போனது. பிறகு கராஜ் போடக் கடன் கேட்டுப் போன இடத்தில் காணி உறுதியும் அரச உத்தியோகப் பிணையாளர் இருவரும் கேட்டார்கள். உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. புதிய மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுப்பதென்றால் அன்றைக்கே தருவதாக இன்னொரு இடத்தில் சொன்னார்கள். இப்போது அவர் வேறொருவரின் கராஜில் நாட்கூலி.

பைன் எண்ணெயில் ஓடிய ஹொண்டாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். புகழையும் கோடிகளையும் அவர் கேட்கவில்லை. அப்படி ஓடினால் ரிங் தேய்ந்திருக்குமே, ரிங்குக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார். மண்ணெண்ணெய் தின்ற ரிங்குகளைத் தடைக் காலம் முழுக்க மாற்ற வழியில்லாமல் தவித்தவர் அவர். அந்த மனிதர் அதற்கு முன்பு ரிங் செய்கிறவராகத்தான் இருந்தார் என்றேன். மாமா சிரித்துவிட்டு, கழற்றிப் போட்டிருந்த எஞ்சினுக்குத் திரும்பினார்.