இசைப் பேரறிஞர் பாக்

ஐரோப்பிய இசையுலகில் தலைமணியாய் விளங்கும் பெரியார் யோகான் செபஸ்தியான் பாக் ஆவார். இவர் ஜெர்மனி நாட்டில் ஐசனாக் என்னும் ஊரில் 1685ஆம் ஆண்டில் பிறந்தார். இவர்தம் குலத்தில் தலைமுறை தலைமுறையாக இசைவாணர் பலர் தோன்றினர். ஆயினும் பத்து வயது நிரம்புமுன்னரே இவர் தாயையும் தந்தையையும் இழந்தார். ஓர்டுருப் என்னும் ஊரில் ஆர்கன் வாசிப்பவராய் இருந்த தமையனார் இவரை ஏற்று வளர்த்தார்.

தமையனாரிடம் பெரும்புலவர் பலர் இயற்றிய இசைகள் அடங்கிய ஏடு ஒன்று இருந்தது. பன்முறை வேண்டியும் அவர் அதனைச் சிறுவர்க்குக் கொடுத்திலர். யாவரும் உறங்கியபின், சிறுவர் பேழையின் கம்பிக் கதவினிடையே கையை நுழைத்து ஏட்டைச் சுருட்டி எடுப்பார். விளக்கின்றி நிலவொளியிலேயே படியெடுப்பார். ஆறு திங்களில் பணி முற்றுப்பெற்றது. அதனை அறிந்த தமையனாரோ அப்படியையும் பறித்துக்கொண்டார் என்று, பாக் மறைந்தபின் வெளிவந்த இரங்கலுரை கூறும். ஏடு போயிற்று, இசைவேட்கை போகவில்லை.

இருபதாம் வயதில் அவர் ஆர்ன்ஸ்டாட் நகரிலிருந்து லூபெக் நகருக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கால்நடையாகவே சென்றார். புக்ஸ்டகூட என்னும் முதுபெரும் இசைப்புலவரைக் கேட்பதே அவர் நோக்கம். நான்கு வார விடுப்பில் சென்றவர் நான்கு திங்கள் அளவும் தங்கிவிட்டமையால் மேலோரின் கண்டனத்திற்கு ஆளானார். பின்னர்ப் பல அவைகளிலும் கோயில்களிலும் பணிபுரிந்து, 1723ஆம் ஆண்டு முதல் லைப்சிக் நகரில் கோயிலிசைக்குத் தலைவராகவும் பள்ளிச் சிறுவர்க்கு இசையாசிரியராகவும் அமர்ந்தார்.

1747ஆம் ஆண்டு மே திங்களில், 62 வயது நிரம்பிய பாக், போட்ஸ்டாம் அரண்மனைக்குச் சென்றார். அங்கே அவர் மைந்தர் கார்ல் பிலிப் எம்மானுவேல் அரசவை இசைவாணராய் இருந்தார். புல்லாங்குழல் வல்லவரான பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், மெட்டு ஒன்றினைத் தாமே இசைத்துக் காட்டினார். அம்மெட்டினையே பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடர்ந்து பின்னுமாறு அப்பொழுதே இசைக்க வேண்டினார். பாக் அதனை உடனே மூன்று குரல்களில் இசைத்தார். மன்னர் அவ்வளவில் அமையாது, ஆறு குரல்களில் கேட்க விழைந்தார். அஃது அரிதினும் அரிய செயல். பாக் ஆறு குரல்களிலும் இசைத்தார். ஆனால் மன்னர் தந்த மெட்டில் அன்று, தாமே தேர்ந்த வேறொரு மெட்டில். அவையோர் வியந்து போற்றினர். பாக்கின் உள்ளமோ அமைதியுறவில்லை.

ஊர் மீண்டதும் அவர் அம்மெட்டினை எடுத்து ஆராய்ந்தார். ஆறு குரல் இசையையும் வேறு பல அரிய அமைப்புகளையும் இயற்றி, இசைக் காணிக்கை என்னும் பெயரால் அச்சிட்டு மன்னர்க்கு அனுப்பினார். முன்னேற்பாடு இன்மையால் அன்று அம்மெட்டின் சிறப்பிற்கு ஏற்ப இசைக்க இயலவில்லை என்பதை உரிமையுரையில் மறையாது ஒப்புக்கொண்டார்.

அந்நூலில் நண்டின் பெயரால் வழங்கும் இசை ஒன்று உண்டு. ஐரோப்பியர் இசைக்குறிகளை ஐந்து கோடுகளின்மீது எழுதி, இடமிருந்து வலமாகப் படிப்பர். வரியின் தொடக்கத்தில் சுரநிலையைக் காட்டும் தலைக்குறி நிற்கும். பாக் ஒரே இசைவரியை எழுதி, அதன் இறுதியிலும் ஒரு தலைக்குறியைப் புறந்திருப்பி இட்டார். அஃது ஒரு குறிப்பு. ஒருவர் முதலிலிருந்தும், மற்றொருவர் இறுதியிலிருந்து பின்னோக்கியும் ஒருங்கே வாசித்தல் வேண்டும் என்பது அதன் பொருள். நண்டு பின்னோக்கி நடப்பது என்று அந்நாட்டார் கருதியமையால் அப்பெயர் ஏற்பட்டது.

தமிழில் மாலைமாற்று என்னும் மிறைக்கவி, ஈற்றிலிருந்து படிப்பினும் அதே பாட்டாய் அமையும். பாக்கின் இசையிலோ முன்னோக்கிய இசை வேறு. பின்னோக்கிய இசை வேறு. இரண்டும் ஒரே காலத்தில் ஒலித்து இயைதல் வேண்டும். முதலிலிருந்து அளக்க எத்துணைக் கால அளவில் ஒரு சுரம் ஒலிக்குமோ, இறுதியிலிருந்து அளக்க அத்துணைக் கால அளவில் ஒலிக்கும் சுரத்தோடு அது பொருந்த வேண்டும். ஒரு சுரம் பிழைப்பின் ஈரிடத்தில் இசை கெடும். இன்னும் ஓர் இசையில் தலைக்குறி தலைகீழாய் நிற்கும். அங்கே ஒரு குரல் ஏறும்பொழுது மற்றொன்று இறங்கும். சிலவற்றிற்கு விடையே எழுதாமல், கற்பவர் தேடிக் காணுமாறு விடுத்தார்.

இத்துணை அரிய நூலின் 100 படிகளே அச்சாயின. அவற்றுட் பெரும்பாலனவற்றை அவர் நண்பர்க்கு விலையின்றி வழங்கினார். 1750ஆம் ஆண்டில் கண்ணொளி குன்றிய அவர்க்கு இருமுறை அறுவை மருத்துவம் செய்யப்பட்டும் பயனில்லை. அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் மறைந்தார். அவர் துணைவியார் வறுமையில் வாடி 1760ஆம் ஆண்டில் இறந்தார். பாக்கின் பேரிசைகள் பல நெடுங்காலம் பொதுமேடை காணாது கிடந்தன. 1829ஆம் ஆண்டில் மெண்டல்சான் என்னும் இளைஞர் அவருடைய மத்தேயு திருப்பாடுகளின் இசையைப் பெர்லின் நகரில் அரங்கேற்றிய பின்னரே நாட்டார் அவர் பெருமையை மீண்டும் உணர்ந்தனர். 1977ஆம் ஆண்டில் விண்ணில் செலுத்தப்பட்ட வாயேஜர் கலங்கள் தாங்கிச் செல்லும் பொற்றட்டிலும் அவர் இசை இடம்பெற்றுள்ளது.

அன்று அரசவையில் கிடைத்த புகழோடு நின்றிருப்பின் பாக்கை எவரும் குறைகூறியிரார். தம் குறையைத் தாமே உணர்ந்து, ஒப்புக்கொண்டு, உழைப்பால் அதனை நிறைவாக்கினார். முன்னோக்கியும் பின்னோக்கியும் பழுதின்றி ஒலிக்கும் அவ்வொரு வரியே அவ்வுழைப்பிற்குச் சான்றாய் நிற்கின்றது.