ஆயிரம் முகங்கொண்ட நடிகர்

லான் சேனி 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் முடிதிருத்துநர். தாய், தந்தை இருவருக்கும் காது கேளாது. அதனால், அந்த வீட்டில் கைகளும் கண்களுமே பேசின.

சேனி சிறுவராக இருந்தபோது தாயார் நோயுற்றுப் படுத்த படுக்கையானார். அவரைக் கவனித்துக்கொள்வதற்காகச் சேனி பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தினார். வெளியே சென்று திரும்பும்போதெல்லாம், அன்று கண்டவற்றைத் தாயாருக்கு நடித்துக் காட்டுவார். சிரிப்பு, கோபம், அச்சம் என அனைத்தையும் முகத்தாலும் உடலாலும் உணர்த்தக் கற்றார்.

இளைஞரானதும் நாடகக் குழுக்களில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்று நடித்தார். பிறகு, திரைப்படத் துறையில் நுழைந்தார். அக்காலத் திரைப்படங்களில் பேச்சொலி கிடையாது. உரையாடல்கள் எழுத்து வடிவில் திரையில் தோன்றும்; மற்றதை எல்லாம் நடிகர்களே முகபாவத்தாலும் சைகையாலும் உணர்த்த வேண்டும். இந்தக் கலை சேனிக்கு வீட்டிலேயே வாய்த்திருந்தது. ஆயினும், பல ஆண்டுகள் அவருக்குச் சிறு வேடங்களே கிடைத்தன. 1919ஆம் ஆண்டில்தான் அவர் பெரும்புகழ் பெற்றார்.

சேனி தமது ஒப்பனையைத் தாமே செய்துகொண்டார். படத்திற்குப் படம் அவருடைய தோற்றம் அடியோடு மாறியது. ஆகவே, மக்கள் அவரை ‘ஆயிரம் முகங்கொண்ட மனிதர்’ என்று அழைத்தனர். 1923ஆம் ஆண்டில் வெளிவந்த ‘நோட்ரடாமின் கூனன்’ என்னும் படத்தில் தேவாலய மணியடிப்பவராக நடித்தார். அந்தக் கதாபாத்திரம் கூன் விழுந்தவர்; காது கேளாதவர். பார்ப்பதற்கு அச்சமூட்டும் அந்த உருவத்துக்குள்ளும் அன்புக்கு ஏங்கும் உள்ளம் ஒன்று உண்டு என்பதைச் சேனி தம் நடிப்பால் காட்டினார். 1925ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஓபராவின் மாய உருவம்’ அவருடைய புகழை மேலும் உயர்த்தியது.

1927ஆம் ஆண்டிற்குப் பிறகு பேசும்படங்கள் பெருகின. நடிகர்கள் பலர் தங்கள் குரல் எடுபடுமோ என அஞ்சினர். சேனியும் உடனே பேசும்படத்திற்கு மாறவில்லை. இறுதியில், 1930ஆம் ஆண்டில் ஒரு பேசும்படத்தில் நடித்தார். அதில் ஐந்து வெவ்வேறு குரல்களில் பேசி, குரலிலும் தம் திறமையை நிலைநாட்டினார்.

அதுவே அவருடைய கடைசிப் படமாக அமைந்தது. படம் வெளிவந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 26ஆம் நாள், புற்றுநோயால் தமது 47ஆம் வயதில் காலமானார். இறுதி நாள்களில் நோய் அவருடைய பேச்சைப் பறித்தது. அப்போது அவர், தம் பெற்றோருடன் உரையாடிய அதே சைகை மொழியால் உடனிருந்தவர்களிடம் பேசினார்.