நுண்ணுயிர்களை வளர்த்த மருத்துவர்

பகைவன் யாரென்று அறியாதவன் போரில் வெல்லுதல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவ உலகின் நிலை இத்தகையதாகவே இருந்தது. காசநோயும் காலராவும் மக்களைக் கொள்ளை கொண்டன. ஆயினும் அவற்றை விளைவிப்பது எது என்பதை எவரும் ஐயமற நிறுவவில்லை. அப்பகைவரைத் தனித்தனியே பிடித்துக் காட்டியவர் ஜெர்மனி நாட்டு மருத்துவர் இராபர்ட் கோக் ஆவார்.

கோக் 1843 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11 ஆம் நாள் கிளௌஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866 இல் பட்டம் பெற்றார். பின்னர், இன்று போலந்து நாட்டிலுள்ள வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசு மருத்துவரானார். நோயாளிகளைக் கவனித்தபின் எஞ்சிய பொழுதெல்லாம் தம் இல்லத்திலேயே நுண்ணோக்கியுடன் ஆய்வில் மூழ்கினார். மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த நீர்த்துளியில், கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமியை வளர்த்தார். அது வளர்ந்து பெருகுமாற்றை 1876 இல் உலகிற்கு உணர்த்தினார்.

எனினும் ஓர் இடர் அவரை வருத்தியது. நுண்ணுயிர்கள் உண்டு வளர்வதற்கு ஆய்வாளர் அமைத்துத் தரும் உணவை வளர்தளம் என்பர். இறைச்சிச் சாறு போன்ற நீர்ம வளர்தளத்தில் பல இனங்கள் ஒன்றோடொன்று கலந்து பெருகின. அவற்றுள் நோய் செய்வது எது, செய்யாதது எது என்று எவ்வாறு பிரித்தறிவது?

1880 இல் பெர்லின் நகருக்கு அழைக்கப்பட்ட கோக், இதற்கு விடை கண்டார். வேகவைத்து அறுத்த உருளைக்கிழங்கின் மேல் நுண்ணுயிர்கள் தனித்தனிப் புள்ளிகளாக வளர்ந்தன. திண்மையான பரப்பில் அவை இடம் பெயர்ந்து கலக்க இயலாமையால், ஒவ்வொரு புள்ளியிலும் ஓரினமே பெருகியிருந்தது. ஆயினும் எல்லாக் கிருமிகளும் உருளைக்கிழங்கில் வளர்வதில்லை. ஆதலின் இறைச்சிச் சாற்றுடன் ஜெலாட்டின் என்னும் கூழ்ப்பொருளைச் சேர்த்துக் கண்ணாடித் தகட்டில் உறையச் செய்தார். 1881 இல் இலண்டன் மாநாட்டில் இம்முறையைக் கண்ட அறிஞர்கள் வியந்தனர்.

ஆனால், உடல் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியசில் ஜெலாட்டின் உருகிவிடும். இக்குறையைத் தீர்த்தவர் பானி ஹெஸ்ஸே என்னும் பெண்மணி. அவர் கணவர் வால்தர் ஹெஸ்ஸே கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகாரைச் சமையலில் பயன்படுத்திய பானி, அதனையே வளர்தளத்தில் சேர்க்கலாம் என்றார். அகார் கொதிநிலையை அண்டிய வெப்பத்தில்தான் உருகும். உடல் வெப்பநிலையில் உறுதியாகவே நிற்கும். கோக் தம் கட்டுரையில் அகாரைக் குறித்தாரேனும் அத்தம்பதியரின் பெயரைக் குறித்தாரல்லர். அடுப்பங்கரையில் பிறந்த அவ்வறிவு உரிய புகழைப் பெற நெடுநாள் ஆயிற்று.

காசநோய்க் கிருமியோ எளிதில் வளரவில்லை. கோக் கால்நடைகளின் குருதியிலிருந்து பிரித்த தெளிநீரை வெப்பத்தால் உறையச் செய்து, அதன்மேல் அதனை இட்டார். பிற கிருமிகள் ஓரிரு நாளில் தோன்றுவன. இதுவோ இரண்டாம் வாரத்தில்தான் கண்ணுக்குப் புலப்பட்டது. பொறுமை வென்றது. 1882 மார்ச்சு 24 ஆம் நாள் காசநோயின் காரணத்தைப் பெர்லினில் வெளியிட்டார். பின்னர் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து காலராக் கிருமியையும் தனியே வளர்த்தார். அவருடைய உதவியாளர் பெட்ரி 1887 இல் மூடியுடைய கண்ணாடித் தட்டை அமைத்து இப்பணியை மேலும் எளிதாக்கினார்.

பெரியோரும் பிழைபடுதல் உண்டு. 1890 இல் காசநோய்க்கு மருந்தெனக் கோக் அறிவித்த டியூபர்குலின் நோயைத் தீர்க்கவில்லை. நம்பி வந்த நோயாளிகள் ஏமாற்றமுற்றனர். எனினும் அது பிற்காலத்தில் நோய்த்தொற்றை அறிய உதவியது. 1905 இல் நோபெல் பரிசு பெற்ற கோக், 1910 மே 27 ஆம் நாள் மறைந்தார்.

இன்றும் மருத்துவமனைகளில் கிருமிகளைப் பெருக்க நீர்ம வளர்தளமும், இனம் பிரிக்க அகார் வளர்தளமும் பயன்படுகின்றன. எந்த மருந்துக்கு எந்தக் கிருமி அடங்கும் என்பதையும், குடிநீர் தூயதா என்பதையும் அவை காட்டுகின்றன. மார்ச்சு 24 ஆம் நாள் உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. பகைவனை அறிந்த பின்னரே அவனை வெல்லும் வழியும் பிறந்தது.