ஸஹ்ராவி மாணவர்களுக்காக எழுதிய முப்பதாவது பாகம்

அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் பெயர் எமது பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பாடசாலைப் பேச்சுப் போட்டிகளில் முஸ்லிம் விஞ்ஞானிகளின் வரிசை வரும்போது அவருக்கும் இரண்டு வரிகள் கிடைக்கும். சத்திரசிகிச்சையின் தந்தை என்பது ஒன்று, இருநூறு கருவிகளை வரைந்தவர் என்பது மற்றொன்று. அத்துடன் பேச்சாளர் இப்னு ஸீனாவுக்குத் தாவிவிடுவார். தந்தை என்ற பட்டத்தால் அவரைப் பற்றி நாம் அறிந்துகொள்வது மிகச் சொற்பம். அவருடைய நூலை ஓர் ஆசிரியரின் கண்ணால் பார்த்தால் வேறொரு மனிதர் தெரிகிறார். சத்திரசிகிச்சையை எப்படிக் கற்பிப்பது என்று வாழ்நாள் முழுவதும் யோசித்தவர் அவர். இன்று நாம் ஈ.என்.டி. என்று சொல்லும் காது, மூக்கு, தொண்டைப் பகுதிகளில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே, கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 அளவில் கட்டத் தொடங்கிய மதீனதுஸ் ஸஹ்ரா என்ற அரண்மனை நகரமே அவருடைய ஊர். பெயரும் அங்கிருந்தே வந்தது. அவரது பிறப்பும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அவரைப் பற்றி அல்ஹுமைதி எழுதிய சிறு குறிப்புக்கூட அவர் மறைந்து பல தசாப்தங்களுக்குப் பின் வந்தது. குடும்பம், பிள்ளைகள், பழக்கவழக்கம் என்று ஒரு வாழ்க்கை வரலாற்றுக்கு வேண்டிய எதுவும் மிஞ்சவில்லை. 1010 அளவில் உள்நாட்டுப் போரில் அந்த அழகிய நகரமும் சூறையாடப்பட்டது. 1013 அளவில் அவர் காலமானார். மிஞ்சியது கிதாபுத் தஸ்ரீப் என்ற நூல் மட்டுமே. 1000 ஆம் ஆண்டளவில் முடிவுற்ற அந்நூலில் முப்பது பாகங்கள் உள்ளன. கடைசிப் பாகம் முழுவதும் சத்திரசிகிச்சை.

அந்தப் பாகத்தில் மாணவர்களைத் தன் பிள்ளைகள் என்றே விளிக்கிறார். தொடக்கமே ஓர் ஆதங்கம்தான். தன் நாட்டில் கைதேர்ந்த சத்திரசிகிச்சையாளர் எவருமே இல்லாமற் போய்விட்டனர் என்கிறார். உடற்கூற்றைப் படிக்காமல் கத்தியைத் தொடுவதே இதற்குக் காரணம் என்பது அவர் முடிவு. பிறகு தன் கண்ணால் கண்ட தவறுகளை அடுக்குகிறார். ஒரு வைத்தியர் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியைக் கீறும்போது நாடிகளையும் வெட்டிவிட்டார். அவள் இரத்தம் ஓடி அங்கேயே இறந்துபோனாள். இன்னொருவர் வயோதிபர் ஒருவரின் சலப்பையிலிருந்து பெரிய கல்லை எடுக்கும்போது பையின் ஒரு துண்டையும் சேர்த்தே எடுத்துவிட்டார். மூன்று நாளளவில் அவரும் மரணமானார். பாடநூலின் முதற்பக்கங்களிலேயே தன் துறையின் தோல்விகளை எழுதிவைக்க எத்தனை ஆசிரியர்களுக்கு மனம் வரும்?

டொன்சில் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் எப்போது வெட்டக்கூடாது என்று சொல்கிறார். வீக்கம் சிவந்து அழன்றிருந்தால் கை வைக்கக்கூடாது, இரத்தம் பெருகும். வெளுத்து உருண்டு, அடி மெலிந்திருந்தால் மட்டுமே வெட்டலாம். பிறகுதான் செய்முறை வருகிறது. நோயாளியைச் சூரியனைப் பார்த்தபடி உட்கார வைக்க வேண்டும். மின்விளக்கு இல்லாத காலத்தில் தொண்டைக்குள் வெளிச்சம் விழ வேறு வழியில்லை அல்லவா! உதவியாளர் ஒரு மெல்லிய உலோகத் தகட்டால் நாக்கை அழுத்திப் பிடிப்பார். சத்திரசிகிச்சையாளர் டொன்சிலைக் கொக்கியால் மாட்டி, சூழவுள்ள சவ்வை இழுக்காமல் முன்னே கொண்டுவந்து வெட்ட வேண்டும். பக்கத்திலேயே கருவியின் படம். யார் எங்கே இருப்பது, எந்தக் கையில் என்ன என்பதுவரை சொல்வதால், வாசிப்பவன் அந்த அறையிலேயே நிற்பது போலிருக்கும். காதுக்குள் போன கல், விதை, நீர், பூச்சி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி சொல்கிறார். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு அந்த அத்தியாயத்தின் அருமை விளங்கும்.

எனக்கு மிகப் பிடித்தது மூச்சுக்குழாயைத் திறக்கும் சிகிச்சை பற்றிய பகுதி. தொண்டை அடைத்து மூச்சுத் திணறுபவருக்கு இதைச் செய்யலாம் என்று முன்னோர் எழுதியிருந்தனர். அதை அப்படியே எடுத்தெழுதிவிட்டு, தன் நாட்டில் இதைச் செய்த எவரையும் தான் கண்டதில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார். அதன்பின் ஒரு சம்பவம். ஓர் அடிமைப் பெண் கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்டாள். அவர் போய்ப் பார்த்தபோது காயத்தினூடாகக் காற்று வெளிவந்துகொண்டிருந்தது, ஆனால் பெரிய நாடிகள் தப்பியிருந்தன. காயத்தைத் தைத்துச் சிகிச்சையளித்தார். குரல் கரகரத்ததைத் தவிர அவளுக்கு வேறு குறை வரவில்லை. ஆகவே அந்த இடத்தைக் கீறுவதில் ஆபத்தில்லை என்ற முடிவுக்கு வருகிறார். நூலில் படித்ததை ஒரு பக்கமும் தான் கண்டதை மறுபக்கமும் வைத்து, இரண்டையும் கலக்காமல் மாணவன் முன் வைத்திருக்கிறார்.

இன்னொரு பெண்ணுக்குத் தொண்டைக்குள் கட்டி வளர்ந்து மூக்குத் துவாரங்கள் வழியாகவும் கிளைவிட்டிருந்தது. ஓரிரு நாள் தாமதித்திருந்தால் மூச்சடைத்திருப்பாள். வெட்டி எடுத்தார், அவளால் நீர் அருந்த முடிந்தது. கட்டி மீண்டும் வளர்ந்தது. பலமுறை வெட்டியும் விடவில்லை. கடைசியில் சூடு போட்டதும் வளர்ச்சி நின்றது. அதற்குப் பிறகு தான் அவ்வூரை விட்டுப் போய்விட்டதாகவும், அவள் விடயத்தில் அல்லாஹ் என்ன நாடினான் என்று தெரியாது என்றும் முடிக்கிறார். பூரண சுகம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

இன்று இத்துறையில் நிபுணராகப் பயிலும் வைத்தியர், உயிருள்ள ஒருவரின் காதெலும்பில் கை வைக்க முன், இறந்தவர்களின் எலும்பைத் துளைத்துப் பழகுகிறார். பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்கச் செய்கிறார், அதற்குப் பின்தான் தனியே. உடற்கூறு முதலில், கத்தி பிறகு என்ற ஸஹ்ராவியின் ஒழுங்கும் இதுதான்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேடோ நகரில் கிரெமோனா ஊர் ஜெரார்ட் முப்பதாவது பாகத்தை லத்தீனுக்குப் பெயர்த்தார். 1363 இல் பிரான்ஸில் கீ டு சொலியாக் தன் பெரிய சத்திரசிகிச்சை நூலில் ஸஹ்ராவியைப் பலமுறை எடுத்துக்காட்டினார். 1497 இல் வெனிஸில் அச்சேறியது. 1778 இல் ஒக்ஸ்போட்டில் அரபு மூலமும் லத்தீனும் சேர்ந்து வெளிவந்தன. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நூலைக் கையால் பிரதி செய்தவர்களில் பலர் எழுத்தர்கள், வைத்தியர்கள் அல்லர். அதனால் அவர் அத்தனை கவனமாக வரைந்த கொக்கிகளும் கத்திகளும் பிரதிக்குப் பிரதி உருமாறியிருக்கின்றன. சில படங்களைப் பார்த்தால் அது என்ன கருவி என்றே சொல்ல முடியாது.