கோயில் வாசலிலிருந்து திரும்பிய மருத்துவர்: அயோத்திதாசரும் எல்லைப்புறத் தமிழ் பௌத்தமும்

தளியும் தேன்கனிக்கோட்டையும் ஓசூரும் பழைய சேலம் மாவட்டத்தின் மேற்கு விளிம்பாக இருந்த காலத்தில், எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானத்தில் ஒரு புதிய ஊர் எழுந்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலார் தங்கவயலில் சுரங்கப் பணியைத் தொடங்கியதும், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நிலமற்ற தலித் குடும்பங்கள் அங்கு நடந்தன. சேரியையும் பண்ணையையும் விட்டு வந்தவர்களுக்குப் பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைக்கும் வேலை கிடைத்தது. ஆனால் மாதக் கூலி கையில் வந்தது. ஊர்த்தெருவின் கட்டுப்பாடு பின்னால் நின்றுவிட்டது. தங்களை ஊருக்கு வெளியே நிறுத்திய சமயத்தையும் பின்னால் விட்டுவிட முடியுமா, விட்டால் மனத்தில் எஞ்சும் வெற்றிடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்ற கேள்வி அவர்களுக்கு முன் எழுந்தது. அதற்கு விடை தேடித் தந்தவர் சென்னை இராயப்பேட்டையில் வாழ்ந்த சித்த மருத்துவர் ஒருவர்.

1845 மே 20 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன், ஆங்கிலேய அதிகாரியான ஆரிங்டனிடம் சமையற்பணி புரிந்தவர். வீட்டில் காத்து வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் ஆரிங்டனிடம் கொடுக்க, அது எல்லீசு துரையின் கைக்குச் சென்றது என்பதை அயோத்திதாசர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். கல்வி மறுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட குலத்தில் சுவடிகளும் மருத்துவமும் சோதிடமும் தலைமுறைகளாகப் புழங்கின என்பதற்கு அவர் குடும்பமே சான்றாக நின்றது. தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்று அவர் அயோத்திதாசர் ஆனார்.

அவர் தொடக்கத்தில் சமயத்தை வெறுத்தவர் அல்லர். நீலகிரியில் வாழ்ந்த இளமைக் காலத்தில், 1870இல், அத்வைதானந்த சபையை நிறுவினார். எல்லா உயிரும் ஒன்றே என்னும் வேதாந்தம் மெய்யானால், அதில் தம் மக்களுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று நம்பிய காலம் அது. 1881 மக்கள் கணக்கெடுப்பின்போது தம் மக்களைப் பூர்வத் தமிழராகப் பதிய வேண்டும் என்று கேட்டார். 1885இல் ஜான் இரத்தினத்துடன் இணைந்து திராவிட பாண்டியன் இதழை நடத்தினார். 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, கல்வி, வேலை, மனித மதிப்பு ஆகியவற்றைக் கோரும் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார்.

1892: உடைந்த நம்பிக்கை

அவருடைய ஆன்மிக வாழ்வில் முறிவு ஏற்பட்ட இடம் ஓர் அரசியல் கூட்டம். 1892இல் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தபோது நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் சென்றிருந்தார். விஷ்ணுவும் சிவனும் எல்லோருக்கும் உரிய தெய்வங்கள் என்றால், தம் மக்களை அக்கோயில்களுக்குள் ஏன் விடுவதில்லை என்று அவர் கேட்டார். தஞ்சைப் பிரதிநிதி சிவராம சாஸ்திரி, உங்கள் குலத்தாருக்குக் காட்டேரியும் மதுரைவீரனும் போன்ற தெய்வங்கள் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் மறுத்தார். அப்படியானால் அந்தச் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று கூறிய அயோத்திதாசர், தம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும், கிராமங்களில் தரிசாகக் கிடக்கும் நிலமும் கேட்டார்.

அந்த மறுமொழியில் இருந்தது வெறும் சினமன்று. கோயில் நுழைவை யாசிப்பதை அவர் அன்றே கைவிட்டார். கதவைத் திறக்கச் சொல்லிக் காத்து நிற்கும் வரை திறக்கும் அதிகாரம் உள்ளே இருப்பவனிடமே இருக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார். ஆயினும் அவர் நாத்திகத்தை நாடவில்லை. தம் மக்கள் எந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், அதற்கு முன் அவர்கள் யாராக இருந்தார்கள் என்று தேடத் தொடங்கினார். மணிமேகலை, நிகண்டுகள், குறள், வாய்மொழி வழக்குகள் வழியே அவர் வந்து சேர்ந்த முடிவு, தம் மக்கள் சாதியற்ற பூர்வ பௌத்தர்கள் என்பதாகும்.

தலித் பிள்ளைகளுக்கென்று 1894இல் பள்ளி தொடங்கியிருந்த கர்னல் ஆல்காட்டை அவர் 1898இல் அணுகினார். அவ்வாண்டே ஆல்காட்டுடனும், பஞ்சமர் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியுடனும் கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பியதும் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவானது.

பழைய பண்டிகைகளுக்குப் புதிய பொருள்

சமயம் மாறியவனுக்குப் பெரும் துயரம் தருவது கொள்கை அன்று, நாட்காட்டி. தாய் கொண்டாடிய பண்டிகையை விட்டுவிடுவதா, பிள்ளைக்கு எந்த முறையில் பெயரிடுவது, இறந்தவரை எந்தச் சடங்கோடு அடக்குவது? மருத்துவரான அயோத்திதாசர் இந்தக் காயத்தை நன்றாக அறிந்திருந்தார். ஆகவே மக்களின் நினைவை அறுத்தெறியாமல் அதற்கு வேறு பொருள் தந்தார். தீபாவளியை எள் நெய்யின் பயனைப் பௌத்தர்கள் கண்டறிந்த நாளாகவும், கார்த்திகை தீபத்தை ஆமணக்கு நெய்யோடு தொடர்புடையதாகவும், போகியைப் புத்தர் பரிநிர்வாணமடைந்த போதிப் பண்டிகையாகவும் விளக்கினார். அம்மன் வழிபாட்டில் அம்பிகை என்னும் பௌத்தப் பெண் துறவியின் நினைவைக் கண்டார். இவற்றையெல்லாம் இன்றைய வரலாற்றாய்வு முறையில் நிறுவ இயலாமற் போகலாம். ஆனால் இழிவென்று சொல்லி ஒப்படைக்கப்பட்ட வழக்கங்களை அறிவின் எச்சங்களாக மீட்டுக்கொடுத்தது, அம்மக்களின் தன்மதிப்பைக் குணப்படுத்தும் செயலாக அமைந்தது.

1907 ஜூன் 19, புதன்கிழமை, ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அது தமிழன் ஆயிற்று. அந்த வார இதழ் கோலார் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்புகளைச் சென்றடைந்தது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளிலும் பெங்களூர், திருப்பத்தூர் ஆகிய ஊர்களிலும் இரங்கூன், டர்பன் வரையிலும் சங்கக் கிளைகள் இயங்கின. அங்கெல்லாம் சொற்பொழிவுகளும் புத்தர் பிறந்தநாள் விழாக்களும் பௌத்த முறைத் திருமணங்களும் இறுதிச் சடங்குகளும் நடந்தன. சுரங்கத் தொழிலாளி தன் வாழ்வின் சடங்குகளைத் தானே நடத்திக்கொள்ளக் கற்றான். 1911 கணக்கெடுப்பில் தம்மவரைப் பௌத்தராகப் பதியச் செய்ய அயோத்திதாசர் முனைந்ததும் இந்தத் தன்னுரிமையின் தொடர்ச்சியே. 1912இல் அவர் எழுதிய புத்தரது ஆதிவேதம் நூலாக வந்தது.

அவர் விட்டுச்சென்ற காயம்

இந்த வரலாற்றைப் போற்றி மட்டும் முடிப்பது நேர்மையாகாது. தாழ்த்தப்பட்டவர் வேறு, இயல்பில் தாழ்ந்தவர் வேறு என்று பிரித்த அயோத்திதாசர், அருந்ததியர், குறவர் முதலிய சமூகங்களை இரண்டாம் வகையில் வைத்தார். சாதியற்ற பௌத்தம் பேசிய அறிஞரே தமக்குக் கீழே ஒரு படியை விட்டுவைத்தார். தளி, ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஒடுக்கப்பட்ட சமூகங்கள் தமிழ் பேசும் தலித்துகளோடு அடுத்தடுத்த காலனிகளில் வாழ்கின்றன. அவர்களுக்கு இது பழங்கதையன்று. பூர்வ பெருமையில் மட்டும் ஊன்றும் விடுதலை, அந்தப் பெருமையைக் காட்ட இயலாதவரை வெளியே நிறுத்திவிடும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

1914 மே 5 அன்று அயோத்திதாசர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் நடத்தினார். சென்னையில் அணைந்த விளக்கைச் சுரங்கத் தொழிலாளர்களே ஏற்றிவைத்தார்கள். அவருடைய தோழர் இலட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலை 1948இல் மறுபதிப்பிட்டவர் அம்பேத்கர். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோர் தம்மம் ஏற்றபோது, தமிழ்ப் பகுதியில் அதற்கு அரை நூற்றாண்டு முன்மாதிரி இருந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. சென்னை கிண்டியில் 2023 டிசம்பர் 1 அன்று அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

மணிமண்டபம் எழுப்புவது அரசுக்கு எளிது. சமயம் விட்டவரை மதிப்பது எளிதாக இல்லை. பௌத்தம் தழுவிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை 1990இல்தான் கிடைத்தது; கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு இன்றுவரை இல்லை. எந்தத் தெய்வத்தை வணங்குவது, அல்லது எதையும் வணங்காமல் இருப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது சாதிச் சான்றிதழையும் நினைத்துப் பார்க்க வேண்டிய நிலை தொடர்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குத் தளியிலிருந்து பேருந்தேறிச் செல்லும் இளைஞர்களும், தம் முன்னோர் தங்கவயலுக்கு நடந்தபோது சுமந்த கேள்வியைச் சுமந்தே செல்கிறார்கள். அயோத்திதாசர் வழங்கிய விடையை அவர்கள் முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. வாசலில் காத்து நிற்பதை விட்டுவிட்டுத் தம் வாழ்வின் பொருளைத் தாமே எழுதிக்கொள்ளலாம் என்று அவர் காட்டிய துணிவு அவர்களுக்கும் உரியது. அவர் விட்டுவைத்த கடைசிப் படியை அகற்றும் பொறுப்பும் அவர்களுக்கும் நமக்கும் உண்டு.