பர்ட் மன்றோ என்னும் கம்மியர்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணிக் காப்போர்க்கு நேரும் இடர்களுள் தலையாயது, உடைந்துபோன உறுப்புக்கு மாற்றுறுப்புக் கிடையாமையே. வண்டியைச் செய்த தொழிற்சாலை மூடப்பட்டிருக்கும். அன்றேல் புதிய வடிவங்களில் மனத்தைச் செலுத்திப் பழையவற்றை மறந்திருக்கும். அந்நிலையில் வீட்டின் பின்புறத்தே ஒரு கொட்டகை அமைத்து, அதில் ஒரு கடைசல் யந்திரமும் சில அரங்களும் வைத்துக்கொண்டு, வேண்டும் உறுப்பைத் தம் கையாலேயே செய்துகொள்வோர் உலகெங்கும் உளர். இவ்வகையினருள் புகழால் மேம்பட்டவர் நியூஜீலந்து தேசத்தவராகிய ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ என்பவர். பர்ட் மன்றோ என்றே உலகம் அவரை அறியும். அவர் பேணியது நான்கு சக்கர வண்டியன்று. இரு சக்கர மோட்டார் சைக்கிளே. ஆயினும் அவர் வரலாறு இத்தொழிலின் இயல்பை நன்கு விளக்குமாதலின், அதனை ஈண்டுச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

மன்றோ 1899ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25ஆம் நாள், நியூஜீலந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கில் என்னும் நகரத்திற் பிறந்தார். உடன் பிறந்த இரட்டைப் பெண்மகவு பிறப்பிலேயே இறந்தது. தந்தையார் உழவர். தந்தையின் பண்ணையில் வளர்ந்த சிறுவன் கலப்பையினும் குதிரையையே பெரிதும் விரும்பினான் என்பர். அதுவும் பண்ணையிலுள்ளவற்றுள் மிக விரைந்தோடும் குதிரையை. முதல் உலகப் போர் தொடங்கியபோது, வயது நிரம்பியதும் படையிற் சேர்ந்து உலகங் காணலாமென எண்ணினார். அதற்குள் போர் முடிந்துவிட்டது. சில காலம் ஒட்டிரா மலைச் சுரங்கப் பாதை வேலையில் இருந்து, தந்தை அழைக்க மீண்டும் பண்ணைக்கே திரும்பினார்.

1920இல் அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளே அவர் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது. அமெரிக்க தேசத்து ஸ்பிரிங்பீல்டு நகரத் தொழிற்சாலையில் அவ்வாண்டு செய்யப்பட்ட அவ்வண்டிக்கு இந்தியன் ஸ்கவுட் என்பது பெயர். பெயர் கேட்டு நம்மவர் மகிழ்தற்கு இடமில்லை. அப்பெயர் அமெரிக்காவின் ஆதிக்குடிகளைக் குறித்ததேயன்றி நம் நாட்டைக் குறித்ததன்று. அதன் எஞ்சின் 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவினது. அதிகமாக ஓடக்கூடிய வேகம் மணிக்கு 55 மைல். மன்றோ 1926இல் அதனைத் திருத்தத் தொடங்கினார். அத்திருத்தம் 40 ஆண்டுகளுக்கு மேலும் நீடித்தது.

அவர் கையிற் பொருளில்லை. பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் பழுது பார்ப்பவராகவும் உழைத்தார். இரவில் தம் வண்டியைக் கழற்றிப் பூட்டினார். கண்ணுறங்காமலே விடியற்காலையில் வேலைக்குச் சென்ற நாள்கள் பல. நுண்ணிய அளவு காட்டும் மைக்ரோமீட்டர் வாங்க வகையின்றிப் பழைய சக்கரக் கம்பி ஒன்றையே அளவுகோலாக்கிக் கொண்டார். பழைய தகரக் குவளைகளை அச்சாகக் கொண்டு உலோகத்தை உருக்கி வார்த்தார். பிஸ்டன், சிலிண்டர், ஃபிளைவீல் எனப்படும் பளுச் சக்கரம் ஆகிய இவையெல்லாம் இவ்வாறு அவர் கையாலேயே உருவாயின.

பிஸ்டன் செய்வதென்றால் எளிதென்று மாணவர் எண்ணுதல் கூடாது. அலுமினியக் கலவையாற் செய்த பிஸ்டன், இரும்பாற் செய்த சிலிண்டரினும் மிகுதியாகச் சூட்டில் விரியும் இயல்புடையது. ஆகவே குளிர்ந்த நிலையில் இரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி விட்டே கடைதல் வேண்டும். இடைவெளி குறைந்தால் ஓட்டத்தின் நடுவே பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு இறுகிவிடும். மிகுந்தால் எரிந்த வாயு பக்கத்தே கசிந்து ஆற்றல் வீணாகும். மயிரிழையளவினதாகிய இவ்விடைவெளியைச் சக்கரக் கம்பிகொண்டு அளந்தவர் மன்றோ என்றால், அவருடைய விரல்நுனிகள் பெற்றிருந்த பயிற்சியை நாம் ஒருவாறு ஊகிக்கலாம்.

பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் கோலின் நிலை இன்னும் கடியது. சுழற்சி ஒவ்வொன்றிலும் பிஸ்டன் இருமுறை நின்று இருமுறை எதிர்த்திசையிற் பாய்கின்றது. அப்பொழுதெல்லாம் அதனை இழுத்து நிறுத்துவது இக்கோலேயாகும். சுழலும் வேகம் இருமடங்காயின் இவ்விழுவிசை நான்மடங்காகும் என்பது பெளதிக மாணவர் அறிந்ததே. நிதானமாக ஓடுதற்கென்று தொழிற்சாலையார் செய்த உறுப்பு, மன்றோ வேண்டிய வேகத்தைத் தாங்காது முறிந்ததில் வியப்பில்லை. அவர் டிராக்டர் ஒன்றின் அச்சுத்தண்டைத் தேடிப் பெற்றார். பெரும் பளுவைச் சுமத்தற்கென்று செய்த உறுதியான எஃகு அது. அதனை அறுத்து, அரத்தால் அராவிப் புதிய கோல்களைச் செய்துகொண்டார்.

பழைய வண்டியைப் புதுப்பிப்போர் பெரும்பாலும், உறுப்பு முதலில் எவ்வாறு இருந்தது என்றே வினவுவர். தேய்ந்த உறுப்பைப் பார்த்து அவ்வாறே செய்தால் தேய்வையும் சேர்த்தே படியெடுத்தவராவோம் என்பதனால், அவ்வினாவிற்கும் அறிவு வேண்டும். மன்றோ வினவியது வேறு. இஃது ஏன் முறிந்தது என்றே அவர் கேட்டார். முறிந்த இடத்தைக் கையிலேந்திப் பார்த்து, அங்கே பருமனைக் கூட்டுவதோ, வளைவை மாற்றுவதோ, உலோகத்தையே மாற்றுவதோ செய்தார். வால்வுகள் பக்கத்தே அமைந்திருந்த எஞ்சினை மேலே வால்வுகள் அமைந்த எஞ்சினாக மாற்றினார். சக்கரத்திற்கு ஆற்றலைக் கடத்தும் பகுதியில் மூன்று சங்கிலிகளைப் பூட்டினார். கொள்ளளவு 600இலிருந்து படிப்படியாகப் பெருகி, இறுதியில் 950 கன சென்டிமீட்டர் ஆயிற்று. தொழிற்சாலையினின்று வந்த உருவிற் பின்னாளில் எஞ்சியவை சிலவே.

உடைந்தவற்றை அவர் எறிந்துவிடவில்லை. வெடித்த பிஸ்டன்களையும் முறிந்த கோல்களையும் கொட்டகைச் சுவரில் ஓர் அலமாரித் தட்டில் அடுக்கி, இவை வேகத்தின் தெய்வத்திற்கு இட்ட காணிக்கைகள் என்னும் பொருள்பட அதன்மேல் எழுதி வைத்தார். கிறிஸ்தவக் கல்லூரியொன்றின் சஞ்சிகையில் அத்தெய்வத்தைக் குறித்தமைக்கு வாசகர் பொறுத்தருள்வாராக. அத்தட்டு அவருக்கு ஒரு நூல்நிலையமாகவே பயன்பட்டது என்பது நம் கருத்து.

இவ்வுழைப்பிற்குப் பயனும் இருந்தது. இன்வர்கார்கிலுக்கு அருகே ஒரெட்டி என்னும் கடற்கரையில் மணல் இறுகி நெடுந்தூரம் பரந்து கிடக்கின்றது. அதுவே அவருடைய பந்தயக் களம். 1940இல் மணிக்கு 120 மைலுக்கு மேல் ஓட்டி நியூஜீலந்தின் சாதனையொன்றை ஏற்படுத்தினார். 1957இல் கடற்கரை ஓட்டத்தில் 131 மைலைக் கடந்தார்.

ஆயினும் இதற்கு அவர் கொடுத்த விலையையும் எழுதாது விடுதல் முறையன்று. அவருக்கு மனைவியும் மக்கள் நால்வரும் இருந்தனர். இரவெல்லாம் கொட்டகையிற் கழிக்கும் ஒருவரோடு குடும்பம் நடத்துவது எளிதாயிராது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில காலத்தில் கணவனும் மனைவியும் பிரிந்தனர். மன்றோ வேலையையும் விட்டு, பூட்டிவைக்கும் கொட்டகையொன்றில் வண்டிகளோடு தனித்து வாழத் தலைப்பட்டார். அவரைப் போற்றி எழுதுவோர் பலர் இதனை ஒரு வேடிக்கைச் செய்திபோற் கூறிச் செல்கின்றனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அத்தட்டில் அடுக்கப்படாத காணிக்கைகளும் உண்டென்றே நினைக்கின்றோம்.

1950களின் இறுதியிலிருந்து அவருக்கு மார்புநோயும் இருந்தது. அந்நிலையில்தான் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்திலுள்ள போனவில் உப்புவெளிக்குச் செல்லலானார். ஏரி வற்றிப்போய், உப்புப் படிந்து, பளிங்குத் தளம்போலப் பரந்த இடம் அது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 4,200 அடி உயரத்தது. அத்துணை உயரத்திற் காற்று அடர்த்தி குறைந்திருத்தலால் எஞ்சின் இழுக்கும் பிராணவாயுவும் குறையும். ஊரிலே சரிப்படுத்திய எரிபொருட் கலவையை அங்கே மீண்டும் திருத்த வேண்டும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல், வேகம் இருமடங்காயின் எண்மடங்காக ஏறுமாதலின், வண்டி முழுவதையும் மீன் வடிவிலமைந்த ஓர் ஓட்டினால் மூடினார். வேகத்தில் டயரின் மேற்பட்டை பிய்ந்து எறியப்படாதபடி, அதனைக் கத்தியாற் சீவி வழவழப்பாக்கினார்.

1962இல், தம் 63ஆம் வயதில், அவ்வுப்புவெளியில் மணிக்கு 178 மைலைக் கடந்து தம் பிரிவில் உலக சாதனை புரிந்தார். 1966இல் வேறொரு பிரிவில் 168 மைல் வேகத்தில் இன்னொரு சாதனை. 1967இல், எஞ்சின் 950 கன சென்டிமீட்டராகியிருக்க, மூன்றாவது சாதனை. அவ்வாண்டு தகுதி பெறுதற்காக ஒரு திசையில் ஓடியபோது, அவ்வண்டி மணிக்கு 190.07 மைல் வேகம் எய்தியது. அப்போது வண்டிக்கு வயது 47, ஓட்டியவருக்கு 68. அவ்வண்டியை ஈன்ற ஸ்பிரிங்பீல்டுத் தொழிற்சாலையோ 1953இலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது.

2005இல் ரோஜர் டொனால்ட்சன் என்பார் இயக்கி, அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்த சினிமாப் படத்தால் மன்றோவின் பெயர் உலகெங்கும் பரவிற்று. பல முறை சென்ற பயணங்களை அப்படம் ஒரே பயணமாகச் சுருக்கிக் காட்டுகின்றது. கதைக்கு அது பொருந்தலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் உடைந்ததைச் சுமந்து ஊர் திரும்பி, மறு ஆண்டுக்கென்று மீண்டும் வார்த்து அராவிய நெடிய மாதங்களைத் திரை காட்ட இயலாது. அம்மாதங்களே அவருடைய வாழ்க்கை.

1978ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் நாள், 78 வயதில், மன்றோ இன்வர்கார்கிலில் காலமானார். அந்நகரத்து இரும்புக்கடை ஒன்றில் அவர் நினைவுப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

1967ஆம் ஆண்டுச் சாதனை, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தாரால் மணிக்கு 183.586 மைல் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. எதிரெதிர்த் திசைகளில் ஓடிய இரண்டு ஓட்டங்களின் சராசரியே சாதனையெனக் கொள்ளப்படும். அச்சராசரி பிழையாகக் கணக்கிடப்பட்டிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் கண்டறிந்து தெரிவித்தார். அவர் மன்றோவின் மகன். சங்கத்தார் கணக்கைச் சரிபார்த்து, தந்தை இறந்து 36 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2014இல், அவ்வெண்ணை 184.087 மைல் என்று திருத்தி எழுதினர்.